தெரிந்த நாளிலிருந்து கணக்கு

2017 ஜூன் 1 அன்று கூகுளின் புராஜெக்ட் ஜீரோ பாதுகாப்பு ஆய்வுக் குழுவிலிருந்து இன்டெல் நிறுவனத்துக்கு ஒரு தகவல் போனது. இன்டெல் புராசஸர்களின் அடிப்படை வடிவமைப்பிலேயே ஓட்டை இருக்கிறது, கணினியில் ஓடும் எந்தச் சாதாரண நிரலும் தனக்கு அனுமதியில்லாத நினைவகப் பகுதியில் இருப்பதை, கடவுச்சொற்கள் உட்பட, படித்துவிட முடியும் என்பது அதன் சாரம். நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 5 அன்று, இன்டெல் தனது எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஓட்டை அவற்றிலும் இருந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பெயர்களில் விஷயம் வெளியே வந்தது 2018 ஜனவரி 3 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களும், ஓட்டையைப் பற்றித் தெரிந்த நிறுவனம் அதைத் தெரியாத மக்களிடம் முழு விலைக்குப் பொருளை விற்றுக்கொண்டிருந்தது. சிப் தயாரிப்பாளர்களின் பொறுப்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘ஓட்டை ஏன் வந்தது’ என்ற கேள்வியிலேயே சிக்கிக்கொள்கிறது. அந்தக் கேள்வியில் தயாரிப்பாளர்கள் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார்கள். தெரிந்த பிறகு என்ன செய்தார்கள், பழுதுபார்த்த செலவு யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது.

ஓட்டையின் தன்மையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் நியாயம் அதில்தான் இருக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வந்து சேரும்வரை புராசஸர் சும்மா இருந்தால், அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்திருக்கலாம். ஆகவே அது அடுத்து என்ன கேட்கப்படும் என்று ஊகித்து வேலையை முன்கூட்டியே செய்துவைக்கிறது. ஊகம் பலித்தால் நேரம் மிச்சம். பலிக்காவிட்டால் செய்ததை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கும். வாடிக்கையாளர் தெருமுனையில் தலைகாட்டியதுமே டீ மாஸ்டர் அவருக்கான டீயை ஆற்றி வைப்பதைப் போல. ஆள் கடைக்கு வராமல் போய்விட்டால் டீயைக் கொட்டிவிடலாம், ஆனால் கிளாஸ் சூடாகவே இருக்கும். எந்த கிளாஸ் சூடு என்று தொட்டுப் பார்ப்பவனுக்கு, யாருக்கு என்ன போடப்பட்டது என்பது தெரிந்துவிடும். புராசஸரில் கேஷ் எனப்படும் விரைவு நினைவகம்தான் அந்த கிளாஸ். அழிக்கப்பட்ட வேலையின் சுவடு அதில் தங்குகிறது. ஒரு தகவலை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தே அந்தச் சுவட்டைப் படித்துவிடலாம்.

இதில் மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் ஒன்றல்ல. ஸ்பெக்டர் என்பது ஊகித்து ஓடுவது என்ற உத்தியோடு பிறந்த சிக்கல்; இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் என்று யாருடைய வடிவமைப்பும் அதற்குத் தப்பவில்லை. மெல்ட்டவுன் அப்படியல்ல. தகவலை எடுத்து அடுத்த கட்டளைக்குக் கொடுத்துவிட்டு, அனுமதி உண்டா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையை இன்டெல் பின்பற்றியதால் வந்தது அது. ஏஎம்டி புராசஸர்களும் ஊகித்து ஓடுபவைதான். ஆனால் அனுமதியில்லாத தகவலை அவை அடுத்த கட்டளையிடம் கொடுப்பதில்லை. ஆகவே மெல்ட்டவுன் அவற்றைத் தொடவில்லை. வேகத்துக்காகத் தவிர்க்கவே முடியாத சமரசம் என்ற வாதத்துக்கு, அதே சந்தையில் போட்டி போட்ட இன்னொரு நிறுவனத்தின் சிப்பே பதில் சொல்லிவிடுகிறது.

எச்சரிக்கைகளே இல்லையா என்றால், இருந்தன. நேரத்தை அளந்தே ரகசியச் சாவியைக் கறந்துவிட முடியும் என்று பால் கோச்சர் 1996-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்; பிற்பாடு ஸ்பெக்டரைக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். இன்டெல்லின் ஹைப்பர் த்ரெடிங் வசதியில் கேஷ் வழியாகத் தகவல் கசிகிறது என்று காலின் பெர்சிவல் 2005-ல் காட்டினார். ஆனால் இவற்றையெல்லாம் அடுக்கி, 1995-ல் பென்டியம் புரோவை வடிவமைத்தவர்கள் 2017-ஐ முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும் என்று வாதாடுவது பின்புத்தி. கல்வியுலகமும், போட்டி நிறுவனங்களும், பாதுகாப்பு நிபுணர்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்தும் பார்க்காத ஒன்றைத் தயாரிப்பாளர் மட்டும் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி எழுதினால், அடுத்த மேல்முறையீட்டில் அது நிற்காது. இந்த இடத்தை நான் தயாரிப்பாளர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஓட்டை இருந்தது என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிக்க வேண்டியதில்லை.

தெரிந்த பிறகு ஒரு நிறுவனம் எப்படி நடக்க முடியும் என்பதற்கு இன்டெல்லின் சொந்த வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. பென்டியம் புராசஸரின் வகுத்தல் பகுதியில் பிழை இருப்பதை 1994-ல் வர்ஜீனியாவின் லின்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். அந்த ஆண்டின் நடுவிலேயே இன்டெல் அதைத் தானாகக் கண்டறிந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் விற்பனையைத் தொடர்ந்தது. அம்பலமானதும், சாதாரணமாக ஸ்பிரெட்ஷீட் பயன்படுத்துபவர் 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இந்தப் பிழையைச் சந்திப்பார் என்றது. துல்லியமான கணக்குகள் தேவைப்படுவோர் என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்றது. ஐபிஎம் தானே கணக்குப் போட்டுப் பார்த்து, 24 நாட்களுக்கு ஒரு முறைகூடப் பிழை வரலாம் என்று அறிவித்து, டிசம்பர் 12 அன்று பென்டியம் கணினிகளின் விநியோகத்தை நிறுத்தியது. எட்டே நாளில் இன்டெல் இறங்கி வந்தது: கேள்வி எதுவும் இல்லாமல், கேட்பவர்களுக்கெல்லாம் புதிய சிப். அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அந்த முடிவை எடுக்கவைத்தது மனசாட்சியல்ல, பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கதவைச் சாத்தியதுதான். ஆனாலும் முடிவு சரியான முடிவு.

2018-ல் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கள் தயாரிப்பில் மட்டும் குறை என்று வரும் செய்திகள் தவறு, புராசஸர்கள் வடிவமைத்தபடியேதான் இயங்குகின்றன என்ற தோரணையில் இன்டெல்லின் முதல் அறிக்கை இருந்தது. வடிவமைப்பே பிழை என்று சொல்பவர்களுக்கு இது எந்த வகையில் பதில் என்று தெரியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் கணினிப் பாதுகாப்பு மையம் முதல் நாள் வெளியிட்ட குறிப்பில் தீர்வாகப் புராசஸரையே மாற்றச் சொல்லியிருந்தது. பிறகு அந்த வரி நீக்கப்பட்டு, அப்டேட் போட்டுக்கொள்ளுங்கள் என்று திருத்தப்பட்டது. முதலில் எழுதியதுதான் தொழில்நுட்ப ரீதியாக நேர்மையான பதில். மாற்றுவதற்கு வேறு சிப் இல்லை என்பதே சிக்கல். அவசரமாக வெளியிட்ட மைக்ரோகோடு (புராசஸரின் உள்நிரல்) அப்டேட்டால் கணினிகள் தாமாகவே அணைந்து எழத் தொடங்கியதால், ஜனவரி 22 அன்று அதைப் போட வேண்டாம் என்று இன்டெல்லே சொல்ல வேண்டிவந்தது. ஏழு மாத அவகாசத்துக்குப் பிறகு கிடைத்த பழுது இது. அந்த மாதங்களில் சில பெரிய நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு, ஊடகங்களில் செய்தி வரும்வரை சொல்லவில்லை என்பதை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. யாரும் இதைப் பயன்படுத்தித் தாக்கியதாக அறிகுறி இல்லாததால் சொல்லவில்லை என்பது விளக்கம். அறிகுறி இல்லை என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

மெல்ட்டவுனுக்கான தீர்வைச் சிலிக்கானிலேயே கொண்ட ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் 2018 அக்டோபரில் வந்தன. அதாவது, பழுதில்லாத பொருள் வேண்டுமானால் பழுதான பொருளை வாங்கியவரே இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு இன்டெல்லின் வருவாய் 7,080 கோடி டாலர். அதுவரையிலான அதன் வரலாற்றில் உச்சம். ஓட்டையால்தான் விற்பனை கூடியது என்று நான் சொல்லவில்லை. கணினி வரலாற்றின் மிகப் பரவலான வன்பொருள் ஓட்டைகளில் ஒன்று அம்பலமான ஆண்டில், அதற்குப் பொறுப்பான நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். கீறல் விழாத இடத்தில் நடத்தை மாறும் என்று எதிர்பார்க்க எந்த முகாந்திரமும் இல்லை.

அப்படியானால் செலவு எங்கே போனது? வாங்கியவர்களிடம். இந்த ஓட்டைகளை அடைப்பது என்றால், புராசஸர் எதனால் வேகமாக ஓடியதோ அந்த உத்தியில் ஒரு பகுதியைத் தடுப்பது என்று பொருள். இன்டெல்லின் சொந்த அளவீட்டின்படியே எட்டாம் தலைமுறையில் 6 சதவீதம் வரை வேகம் குறைந்தது. ஆறாம் தலைமுறையில் 8 சதவீதம் வரை, சில வேலைகளில் அதைவிடவும் அதிகம். 2015-ஐ ஒட்டிய காலத்து, அதற்கும் பழைய புராசஸர்களில் விண்டோஸ் 7, 8 ஓட்டுபவர்கள் பெரும்பாலும் வேகக் குறைவை உணர்வார்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக எழுதியது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், அப்டேட் போட்ட பிறகு தனது சர்வர் ஒன்றின் சுமை சட்டென்று ஏறியதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டது. சர்வரின் சுமை ஏறினால் கூடுதல் சர்வர் வேண்டும். வாடகைக்கு எடுப்பவருக்கு மாதாந்திர பில் ஏறும். இது ஒரு முறையோடு நிற்கவும் இல்லை. 2018 ஆகஸ்டில் ஃபோர்ஷேடோ, 2019 மே மாதம் ஜோம்பிலோடு, 2022-ல் ரெட்ப்ளீட் என்று வரிசை நீண்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைப்பு, ஒவ்வோர் அடைப்புக்கும் கொஞ்சம் வேகம். 2023 ஆகஸ்டில் வெளியான டவுன்ஃபால் ஓட்டைக்கான அடைப்பால் சில வகை வேலைகளில் 50 சதவீதம்வரை வேகம் குறையலாம் என்று இன்டெல்லே சொன்னது. ஆய்வாளர் டேனியல் மொகிமி அதை இன்டெல்லிடம் தெரிவித்தது 2022 ஆகஸ்டில். இடையில் ஓராண்டு. பாதிக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை ஜியான் சர்வர் புராசஸர்கள் அந்த ஓராண்டும் விற்பனையில் இருந்தன.

விற்ற பிறகு மென்பொருள் மூலம் பொருளின் வேகத்தைக் குறைப்பது தவறு என்று சட்ட உலகுக்குத் தெரியாமலில்லை. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் ஓசையில்லாமல் குறைத்தது 2017 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. வாடிக்கையாளர்களிடம் சொல்லவில்லை என்பதற்காக பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தந்து வழக்கை முடித்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்தது. ஏஎம்டியின் புல்டோசர் வகை சிப்களில் எட்டு கோர்கள் என்று விளம்பரப்படுத்தியது சரியில்லை என்று வழக்குப் போட்டவர்களோடு அந்த நிறுவனம் 2019-ல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் இழப்பீடு கிடைக்கிறது. பெட்டிக்குள் இருந்த வேகத்தில் ஒரு பகுதி பறிபோனால் கிடைப்பதில்லை. 2024-ல் இன்னொரு உதாரணம் உண்டு: இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் நிலைகுலைந்து நின்றுபோனபோது, நிறுவனம் உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. கணினி நின்றுபோவது கண்ணுக்குத் தெரிகிறது, வாடிக்கையாளர் கத்துவார். பாதுகாப்பு ஓட்டைக்கோ, அதை அடைத்ததால் வந்த மந்தத்துக்கோ அப்படி ஒரு கத்தல் எழுவதில்லை.

நீதிமன்றப் படியேறியவர்கள் என்ன ஆனார்கள்? மெல்ட்டவுன், ஸ்பெக்டர் தொடர்பாக இன்டெல்லுக்கு எதிராக அமெரிக்கா முழுவதிலும் பதிவான வழக்குகள் ஒரேகான் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் இழுத்த விசாரணையில், இன்டெல்லுக்கு விஷயம் தெரிந்த பிறகான காலத்தில், 2017 செப்டம்பர் முதல், வாங்கியவர்களின் கோரிக்கையை மட்டும் நீதிபதி ஒரு கட்டத்தில் நிற்க அனுமதித்தார். வழக்கு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 2022 ஜூலையில் அதுவும் தள்ளுபடியானது. இருக்கும் நுகர்வோர் சட்டங்களை வைத்து இந்தப் பொறுப்பை நிலைநாட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. புதிதாக எழுதப்பட வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். யாரும் தாக்கப்படாதபோது நஷ்டம் என்ன என்பது முதலாவது. மெல்ட்டவுனைப் பயன்படுத்திப் பெரிய திருட்டு நடந்ததாக நிரூபணமான செய்தி இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த வகைத் தாக்குதல் வழக்கமான பதிவேடுகளில் தடயம் விட்டுச்செல்வதில்லை என்று அதைக் கண்டுபிடித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். தடயமே விடாத ஒன்றுக்கு அறிகுறி இல்லை என்று சொல்வது ஆறுதலாகாது. அதைவிட முக்கியம், நான் பேசும் நஷ்டத்துக்குத் திருடன் தேவையே இல்லை. அடைப்பு போட்டதால் குறைந்த வேகம், போட்டவர் எல்லோருக்கும் நிச்சயமாக நேர்ந்த, அளக்கக்கூடிய இழப்பு. அதை அளந்தது தயாரிப்பாளரேதான்.

ஓட்டையை முன்கூட்டியே வெளியிட்டால் திருடர்களுக்குத்தான் உதவும், எனவே மௌனம் அவசியம் என்பது இரண்டாவது. மௌனம் அவசியம் என்பதை ஏற்கிறேன். கண்டுபிடித்த ஆய்வாளர்களே அதை மதித்து மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். ஆனால் மௌனம் காப்பதற்கும், அந்த மௌனத்தின் பலனாகக் கிடைக்கும் விற்பனைப் பணத்தை வைத்துக்கொள்வதற்கும் தொடர்பில்லை. ஓட்டை வெளியாகும் நாள் வரை எதுவும் சொல்ல வேண்டாம். வெளியான மறுநாள், தகவல் வந்த நாளுக்கும் வெளியான நாளுக்கும் இடையில் வாங்கியவர்கள் பொருளைத் திருப்பித் தரலாம் அல்லது இழந்த வேகத்துக்கு ஈடான தொகையைப் பெறலாம் என்று அறிவித்தால் போதும். ரகசியம் கெடாது. மௌனம் நீளநீளத் தயாரிப்பாளருக்குச் செலவு கூடும் என்பதால், பழுதை அடைக்கும் வேலையும் இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும்.

தாங்கள் விற்பது லேப்டாப் நிறுவனங்களுக்கு, கடைசி வாடிக்கையாளரோடு தங்களுக்கு ஒப்பந்தமே இல்லை என்றும் சொல்வார்கள். 1991 முதல் கோடிக்கணக்கான கணினிகளின் மேல் ‘இன்டெல் இன்சைட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும்படி உலகத்தையே பழக்கிய தொழில் இது. விலை உயரும் என்ற வாதத்துக்கும் அதிக நேரம் தர வேண்டியதில்லை. செலவு ஏற்கெனவே வாங்குபவரிடம்தான் இருக்கிறது, பில்லில் தெரியாமல்.

கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தெரிந்த நாளிலிருந்து பொறுப்பு என்று வைத்தால், தெரியாமல் இருப்பதே லாபம் என்று ஆகிவிடாதா? நிறுவனங்கள் தங்கள் சிப்களைத் தாங்களே சோதிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெளி ஆய்வாளர்களுக்கு வெகுமதி கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் திட்டங்களை மூடிவிடும். ஊழியர் ஒருவர் சந்தேகத்தை மின்னஞ்சலில் எழுதவே தயங்குவார். இன்டெல் 2018 பிப்ரவரியில் இந்த வகை ஓட்டைகளுக்கான வெகுமதியை 2,50,000 டாலர் வரை உயர்த்தியது நல்ல காரியம். அதைக் கெடுக்கும் சட்டம் கெட்ட சட்டம். இதற்கு என் பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவதாக, இதுவரை பேசிய பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் பெரும்பாலும் வெளியாட்கள் கண்டுபிடித்தவை: கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆம்ஸ்டர்டாமின் விரிய பல்கலைக்கழகம், ஜூரிக்கின் இடிஎச், கூகுளின் ஆய்வாளர்கள். வெளியிலிருந்து வரும் தகவலைத் தெரியாததாக்கிவிட முடியாது. அதற்குத் தேதியும் எண்ணும் உண்டு. கண்ணை மூடிக்கொள்ளும் நிறுவனத்துக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை, தன் ஓட்டையைப் பிறர் வாயால் கேட்கும் அவமானம்தான் கூடும். இரண்டாவதாக, தானே கண்டுபிடித்து, ஒரு பொது அமைப்பிடம் குறித்த காலத்துக்குள் பதிவுசெய்து, அடைப்பையும் தரும் நிறுவனத்துக்குப் பொறுப்பில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். 1994-ல் இன்டெல் தானாகக் கண்டுபிடித்ததை அன்றே சொல்லியிருந்தால் 47.5 கோடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஏற்பாடு முழுப் பாதுகாப்பு தராது என்பதும் தெரியும். உள்ளே கண்டுபிடித்ததை உள்ளேயே புதைக்கும் நிறுவனம் எந்தச் சட்டத்தின் கீழும் இருக்கத்தான் செய்யும்; இப்போதும் அதைத் தடுக்க ஒன்றுமில்லை.

அடைப்பு எத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும் என்பது இதே கணக்கின் இன்னொரு வரி. 2018 ஏப்ரலில், சில பழைய புராசஸர் வகைகளுக்கு ஸ்பெக்டர் மைக்ரோகோடு வராது என்று இன்டெல் பட்டியலிட்டு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் சிங்க்குளோஸ் என்ற ஓட்டை வெளியானபோது, 2019-ல் அறிமுகமான ரைசன் 3000 டெஸ்க்டாப் வரிசைக்கு அடைப்பு தரும் திட்டமில்லை என்று ஏஎம்டி முதலில் சொன்னது. கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் மனம் மாறியது. கண்டனம் எழாத சிப்களுக்கு என்ன கதி என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். மைக்ரோகோடு வந்தாலும், மதர்போர்டு அல்லது லேப்டாப் நிறுவனம் பயாஸ் அப்டேட்டாக அதைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் பல கணினிகளுக்கு அது கிட்டும். அறிமுகமான தேதியிலிருந்து ஆண்டுகளை எண்ணுவதும் தந்திரம்தான். கடைசியாக விற்ற தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பாதையில் ஓரளவு வந்துவிட்டது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் மீள்திறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். தெரிந்த, பயன்படுத்தித் தாக்கக்கூடிய ஓட்டையோடு எந்த டிஜிட்டல் பொருளையும் சந்தையில் வைக்கக் கூடாது என்கிறது அது, பாதுகாப்பு அப்டேட்டுகள் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு தரப்பட வேண்டும், மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 2.5 சதவீதம் வரை அபராதம். அந்த ஏழு மாதங்கள் போன்றவை 2028-ல் நடந்தால் ஐரோப்பாவில் கேள்வி எழும். ஆனால் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், மந்தமான கணினியை வைத்திருப்பவருக்கு அல்ல. ஓட்டைகளை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை, யாரோ தாக்குதலுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டைகளுக்குத்தான். அறிகுறி இல்லை என்ற அதே சந்து அங்கும் திறந்திருக்கிறது. உடன் வந்த புதிய பொருள் பொறுப்பு நெறிமுறை, மென்பொருளையும் பொருளாகக் கருதி, உயிர், உடல், உடைமை, அழிந்த தரவு ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்க வழிசெய்கிறது. வேகம் குறைந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பொருள் பொறுப்புக்கென்று தனி அத்தியாயம் உண்டு. ஆனால் ‘தீங்கு’ என்பதன் வரையறையிலிருந்து பொருளுக்கே நேரும் சேதத்தையும் வணிக, பொருளாதார இழப்புகளையும் அது வெளிப்படையாக விலக்கிவிட்டது. ஆகவே அடைப்பால் மந்தமான புராசஸருக்காக அந்த அத்தியாயத்தின் கீழ் இங்கு வழக்குப் போட்டால் முதல் வாய்தாவிலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம். அந்த விலக்கில், தெரிந்த ஓட்டையோடு விற்ற பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு எழுத நாடாளுமன்றத்துக்கு ஒரு பத்தி போதும். எழுதுவார்களா என்பது வேறு விஷயம், சிப் தொழிற்சாலைகளை வருந்தி அழைத்துக்கொண்டிருக்கும் நேரம் இது. அதுவரை பெரிய கொள்முதலாளர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 1994-ல் இன்டெல்லைப் பணியவைத்தது சட்டமல்ல, ஐபிஎம் என்ற வாடிக்கையாளர். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக அறிவித்தது. மத்திய அரசும் வங்கிகளும்கூட மொத்தமாகக் கணினி வாங்குகின்றன. இத்தகைய டெண்டர்களில் விலை, உத்தரவாதம், பேட்டரி என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கின்றன. ஒப்பந்தக் காலத்தில் புராசஸர் ஓட்டை வெளியானால் அது தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியை எழுத்தில் தர வேண்டும், அடைப்புக்குப் பிறகு வேகம் மீண்டும் அளக்கப்பட்டுக் குறைவுக்கேற்ற தொகை கழிக்கப்படும், கடைசிக் கணினி வழங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குப் பாதுகாப்பு மைக்ரோகோடு தரப்படும் என்ற மூன்று நிபந்தனைகளையும் அவற்றோடு சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. லேப்டாப் நிறுவனம் கையெழுத்துப் போடும் முன் சிப் நிறுவனத்திடம் அதே நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொள்ளும்.